தம்பி கையிலிருந்து டம்ளர் விழுந்தபோது



இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கிவிட்டு வந்து படியுங்கள்.

அக்டோபர் 6-ஆம் தேதி உலக மூளை முடக்குவாத தினம் என்று பேத்தி சொன்னாள். 2012-லிருந்து கடைப்பிடிக்கிறார்களாம். அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். தம்பியைக் கேட்காமல் தம்பியைப் பற்றி எழுதுவது சரியில்லை என்று நிறுத்திவிட்டேன். நேற்றுதான் "எழுது, ஆனா போடறதுக்கு முன்னாடி எனக்குப் படிச்சுக் காட்டணும்" என்றான்.

என்னிடம் படித்தவர்களில் பாதிப்பேருக்கு அவனைத் தெரியும். எங்கள் வீட்டுத் திண்ணையில் தூணில் சாய்ந்தபடி உட்கார்ந்திருப்பான். கையும் கழுத்தும் ஓயாமல் முறுக்கிக்கொண்டு ஆடும். பேச்சு குழறும். மூன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் முதல் வாரம் பயந்துகொண்டு தெருவின் எதிர்ப்பக்கமாகப் போவார்கள். ஒரு மாதத்தில் அவனிடமே வாய்ப்பாடு ஒப்பிக்க வந்துவிடுவார்கள். தப்பாகச் சொன்னால் முஷ்டியால் திண்ணையில் ஒரு தட்டு தட்டுவான். அந்தத் தட்டுக்குப் பயந்து பதினாறாம் வாய்ப்பாடு வரை படித்தவர்கள் இன்று வங்கியில் மேலாளராக இருக்கிறார்கள். உங்களுக்கெல்லாம் அவன் 'அண்ணன்'. அந்த அண்ணனுக்கு இப்போது 56 வயது.

நான் சொல்ல வந்தது அவனுடைய சின்ன வயதுக் கதை இல்லை. ஆனால் அதைச் சொல்லாமல் மற்றது புரியாது.

அவன் பிறந்தது 1968. எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு குழந்தை பிறந்து மூன்றாம் நாள் இறந்துபோனது. இவன் பிறந்த மறுநாளே உடம்பு மஞ்சள் பூத்தது. கண்ணெல்லாம் மஞ்சள். பாட்டி அம்மாவுக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். மந்திரிக்க ஆள் வந்தது. பிரசவ அறை இருட்டாக இருக்க வேண்டும் என்று ஜன்னலைச் சாத்தி வைத்தார்கள். நான்காம் நாள் குழந்தை பால் குடிப்பதை நிறுத்தி, முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு கத்தியது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பிழைத்துக்கொண்டான். ஆனால் ஒரு வயதிலும் தலை நிற்கவில்லை.

கிரகணத்தன்று அம்மா வாசலுக்கு வந்ததுதான் காரணம் என்று சொந்தத்திலேயே பேசினார்கள். (பேசியவர்கள் யாரும் இப்போது இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் இதைப் படிக்கிறீர்கள். உங்கள்மேல் வருத்தம் இல்லை.) அம்மா அதை நம்பினார். சாகும்வரை நம்பினார். உண்மைக் காரணம் 1990-களில் அம்மாவுக்கு ஒரு அறுவை சிகிச்சைக்காக ரத்தம் பரிசோதித்தபோதுதான் தெரிந்தது. அம்மாவின் ரத்தம் ஆர்.எச். நெகட்டிவ். எங்களுடையது அப்பாவைப் போல பாசிட்டிவ். முதல் பிரசவத்தில், அதாவது நான் பிறந்தபோது, என் ரத்தம் கொஞ்சம் அம்மாவின் உடம்பில் கலந்திருக்கிறது. அம்மாவின் உடம்பு அதை அந்நியமாக எண்ணி எதிர்க்கப் பழகிக்கொண்டது. அடுத்தடுத்த குழந்தைகளின் ரத்த அணுக்களை அந்த எதிர்ப்பு உடைத்தது. உடைந்த அணுக்களிலிருந்து வரும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் அளவுக்கு மீறினால் பச்சைக்குழந்தையின் மூளைக்குள் போய்த் தங்கிவிடும். நம் அசைவுகளைச் சீர்செய்யும் ஆழமான ஒரு பகுதி இருக்கிறது, அதைத்தான் முதலில் கெடுக்கும். காதையும் பாதிக்கும். கண்ணை மேலே தூக்கிப் பார்க்கும் திறனையும் பாதிக்கும். அறிவை அநேகமாக விட்டுவிடும்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு என்ற ஊர் மருத்துவமனையில் 1956-ல் ஜீன் வார்டு என்ற செவிலியர், வெயில் பட்ட இடத்தில் குழந்தையின் மஞ்சள் வெளுத்திருப்பதைக் கவனித்தார். 1958-ல் அங்கேயிருந்த மருத்துவர்கள் விளக்கு வெளிச்சத்தில் காமாலையைக் குறைக்கலாம் என்று எழுதிவிட்டார்கள். இன்று எல்லாப் பிரசவ மருத்துவமனையிலும் குழந்தையை நீல விளக்கின் கீழ் படுக்க வைக்கிறார்களே, அதன் ஆரம்பம் அதுதான். நெகட்டிவ் ரத்தம் உள்ள தாய்மார்களுக்குப் பிரசவத்தையொட்டிப் போடுகிற ஆன்டி-டி ஊசி மேல்நாட்டில் புழக்கத்துக்கு வந்தது 1968. அவன் பிறந்த அதே வருடம். எங்கள் ஊரில் அப்போது ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தோம். (தம்பிக்கு இருந்த அளவு காமாலைக்கு வெறும் விளக்கு போதாது, ரத்தத்தையே மாற்ற வேண்டும் என்று பிறகு ஒரு மருத்துவர் சொன்னார். அதனால் ஜன்னலைத் திறந்திருந்தால் சரியாகியிருக்கும் என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம்.)

பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. "மத்த புள்ளைங்க பயப்படும்மா" என்று தலைமையாசிரியர் அம்மாவைத் திருப்பி அனுப்பினார். பம்பாயில் 1972-ல் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்றே ஒரு பள்ளி தொடங்கினார்கள், சென்னையில் 1985-ல். பம்பாய் எங்கே, நாங்கள் எங்கே. ஆகவே நானே டீச்சர் ஆனேன். பதின்மூன்று வயதில். கரும்பலகையைச் சுவரில் மாட்டினால் அவன் தலையைப் பின்னால் வீசி எறிவதுபோல் தூக்கித்தான் பார்ப்பான், கண் மட்டும் மேலே போகாது. பலகையைத் தரையில் வைத்ததும் பார்த்தான். 'அ' எங்கே என்றால் இடது முஷ்டியை இழுத்துக்கொண்டு போய் அதன்மேல் வைத்தான். ஆறு மாதத்தில் எழுத்துக்கூட்டினான். பின்னால் ஆசிரியப் பயிற்சியில் இரண்டு வருடம் என்னென்னவோ படித்தேன். பலகையைத் தரையில் வைக்கலாம் என்பது எந்தப் பாடத்திலும் இல்லை.

இனிதான் விஷயம்.

அம்மா போனபிறகு அவன் என்னோடுதான். கைப்பிடி வைத்த டம்ளரில் அவனே காப்பி குடிப்பான். சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறம் வரை நடப்பான். வீட்டின் பால் கணக்கு, மளிகைக் கணக்கு எல்லாம் அவன் பொறுப்பு. கைப்பேசி வந்தபிறகு இடது ஆள்காட்டி விரலால் தட்டித் தட்டி உங்களில் பலருக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியிருப்பான்.

2020 கடைசியில், ஊரெல்லாம் வீட்டுக்குள் இருந்த காலத்தில், டம்ளர் கீழே விழ ஆரம்பித்தது. முதலில் வாரத்துக்கு ஒரு தடவை. பிறகு தினமும். பிறகு நடை தடுமாறியது. இரண்டு முறை விழுந்தான். சிறுநீர் வருகிறது என்று சொல்லி நான் எழுந்து போவதற்குள் நனைந்துவிடும். பால் கணக்கில் பிழை வந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நேரமாயிற்று. சாயங்காலம் ஆனால் ஒரு மாதிரி மந்தமாக உட்கார்ந்திருப்பான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? திட்டினேன். "கவனம் இருந்தா ஏன் விழுது?" என்றேன். வாழ்நாள் முழுக்க அவனிடம் நான் சொன்ன ஒரே மந்திரம் 'முயற்சி பண்ணு' என்பதுதான். அதையே இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அவன் கைக்கு மெழுகு உருண்டை கொடுத்து நூறு தடவை பிசையச் சொன்னேன். பிசைந்தான். கண்ணில் தண்ணீர் வரப் பிசைந்தான்.

பக்கத்து டவுனில் ஒரு மருத்துவரிடமும் காட்டினோம். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வரவில்லை. "பிறவியிலேயே மூளையில கோளாறு. இப்ப வயசும் ஆகுது. மூளை இன்னும் சுருங்கும். இனிமே இப்படித்தான்மா" என்றார். கை ஆட்டத்துக்கு ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைஹெக்சிஃபெனிடில் மாத்திரையை இரண்டு மடங்காக்கினார். சொந்தக்காரர்கள் போனில், "இத்தனை வருஷம் ஓடுனதே பெருசு" என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

2022 பொங்கலுக்கு என் பழைய மாணவன் ஒருவன் வந்தான். தஞ்சாவூரில் பிசியோதெரபிஸ்ட். அவனும் அந்தத் திண்ணையில் தட்டு வாங்கியவன்தான். அண்ணன் காப்பி குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர், அண்ணனுக்குக் கை ஆட்டம் கூடலை. கையில பலம் குறையுது. ரெண்டும் வேற டீச்சர்" என்றான். பாத்ரூம் விஷயத்தைக் கேட்டான். சொன்னேன். அவன் முகம் மாறியது. "நாளைக்கே கிளம்பலாம்" என்றான்.

நரம்பியல் மருத்துவர் ஒரு பெண். நாற்பது வயதுக்குள் இருக்கும். அவர் என்னைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை. தம்பியைப் பார்த்து, "சார், உங்களுக்கு என்ன மாறிச்சு? நீங்க சொல்லுங்க" என்றார். நான் பழக்கதோஷத்தில் பதில் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். தம்பி பேசி முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. அவர் ஒரு வார்த்தையும் இடையில் எடுத்துக்கொடுக்கவில்லை, புரியாததைத் திரும்பக் கேட்டார். பிறகு சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். நடுவிரல் நகத்தைச் சுண்டிவிட்டுக் கட்டைவிரல் மடங்குகிறதா என்று பார்த்தார். மடங்கியது.

"எங்க வீட்டு டிவி எங்க இருக்கு?" என்று அவனைக் கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அலமாரிக்கு மேலே, உயரத்தில். பேரப்பிள்ளைகள் கை படாமல் இருக்கட்டும் என்று நான்தான் வைத்தேன். அவன் கண் மேலே போகாது என்று பதின்மூன்று வயதில் கண்டுபிடித்தவள், முப்பது வருடம் அவனைத் தலையைப் பின்னால் மடித்து கிரிக்கெட் பார்க்க வைத்திருக்கிறேன்.

அடுத்து எம்.ஆர்.ஐ. அசையாமல் படுக்க வேண்டும். அவன் உடம்பு அடங்குவது தூக்கத்தில் மட்டும்தான். சின்ன வயதில் அவன் தூங்கும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார், மற்ற குழந்தைகளைப் போலவே இருக்கிறான் என்று. மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுத்தார்கள். மூளையும் எடுத்தார்கள், கழுத்தும் எடுத்தார்கள்.

மருத்துவர் படத்தை எங்கள் இருவருக்கும் காட்டி விளக்கினார். நான் குறிப்பு எடுத்துக்கொண்டேன் (பழக்கம் போகுமா). என் பாஷையில் சொல்கிறேன்.

மூளைப் படத்தில் நடுவில், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, விபூதிப் பொட்டு வைத்ததுபோல் ஒரு வெள்ளைத் தடம். 1968-ல் அந்த நான்காம் நாள் விழுந்த தழும்பு. "இது வளராது. வளரவும் இல்லை. மூளை முடக்குவாதம்ங்கிற பேருக்கே அர்த்தம், வளர்ற மூளையில ஒரு தடவை அடிபட்டு நின்னுபோன பாதிப்புன்னுதான். அதனால சாருக்குப் புதுசா ஒண்ணு மாறினா, அதுக்குப் புதுசா ஒரு காரணம் இருக்கணும். தேடணும்." இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன்.

"அப்ப மூளைக்கு வயசே ஆகாதா?" என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. ஆகும் என்றார். தழும்பு வளராது, ஆனால் தழும்பு உள்ள மூளைக்கும் எல்லோரையும் போல வயதாகும். எல்லோருக்கும் வயதானால் மூளை கொஞ்சம் கொஞ்சமாக இளைக்கும். நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள வெள்ளை உறை தேயும், செய்தி போய்ச்சேரத் தாமதமாகும். நமக்குக் கையிருப்பு நிறைய இருப்பதால் எழுபது வயதில்தான் தெரிகிறது. இவர்களுக்குக் கையிருப்பு முதலிலேயே செலவாகிவிட்டது.

நம் டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பெரிய வாய்க்கால் உடைந்துபோனால் விவசாயி சும்மா இருக்கமாட்டான். பக்கத்து வரப்பை வெட்டிக் கன்னிவாய்க்கால் போட்டுத் தண்ணீரைக் கொண்டுவருவான். குழந்தையின் மூளை அப்படித்தான் செய்கிறது. அடிபட்ட இடத்தை விட்டுவிட்டு வேறு வழி வெட்டிக்கொள்கிறது. அந்த வழியில்தான் தம்பி டம்ளரைத் தூக்கினான், எழுத்தைத் தொட்டான். ஆனால் சுற்றுவழி. ஒவ்வொரு அசைவுக்கும் நம்மைவிட அதிக உழைப்பு. ஆற்றில் தண்ணீர் நிறைய இருக்கிறவரை ஒன்றும் தெரியாது. குறைந்தால் முதலில் காய்வது கடைமடை.

அதனால்தான் நடந்துகொண்டிருந்தவர்களில் கணிசமானவர்களுக்கு முப்பது, நாற்பது வயதிலேயே நடை தளர்கிறது. வலியும் அசதியும் சீக்கிரம் வருகின்றன. மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட இவர்களிடம் அதிகம் என்று இங்கிலாந்தில் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். இருதய நோய், பக்கவாதம் போன்றவற்றுக்கான வாய்ப்பும் கூடுதல். 1861-ல் லண்டனில் வில்லியம் லிட்டில் என்ற மருத்துவர் இந்த நோயைப் பற்றி விரிவாகப் பேசிய நாளிலிருந்து இதைக் குழந்தைகள் நோய் என்றே வைத்துப் பார்த்துவிட்டார்கள். கனவுகளைப் பற்றி எழுதினாரே ஃப்ராய்டு, அவரும் 1897-ல் குழந்தைகளின் முடக்குவாதத்தைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். பெரியவர்களுக்கென்று இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு தனியாக வழிகாட்டுதல் வெளியிட்டது 2019-ல். குழந்தை வளர்ந்து அறுபது வயது வரை இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

சரி, தம்பிக்கு வருகிறேன். அவனுக்கு வந்த புதுக் காரணம் மூளையில் இல்லை. கழுத்தில். ஐம்பது வருடமாக ஓயாமல் முறுக்கி ஆடிய கழுத்தில் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் மற்றவர்களுக்கு முன்பே தேய்ந்துபோயிருந்தது. மூன்றாவது எலும்புக்கும் நான்காவதுக்கும் இடையில் தண்டுவடம் நசுங்கியிருந்தது. படத்தில் பார்த்தேன். மேலே விரல் தடிமனில் வருகிறது, அந்த இடத்தில் நூலாகிப் போகிறது. டம்ளர் விழுந்தது, கால் தடுமாறியது, சிறுநீர் அடக்க முடியாமல் போனது, மூன்றும் அங்கிருந்துதான். இந்த வகை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இது வரக்கூடியதுதானாம். எல்லாவற்றையும் பழைய நோயின் தலையிலேயே போட்டுவிடுவதால் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது என்றார்.

மந்தமும் மறதியும்? அதற்கு அந்த இரட்டிப்பாக்கிய மாத்திரை. வயது கூடக்கூட அந்த மாத்திரை சிலருக்கு நினைவைக் குழப்புமாம். வாயும் வறண்டுபோகும், மலச்சிக்கலும் வரும். திடீரென்று நிறுத்தக்கூடாது என்று சொல்லி வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்தார். (நீங்கள் யாரும் இதைப் படித்துவிட்டு வீட்டில் மாத்திரையை நிறுத்தாதீர்கள். மருத்துவர்தான் குறைக்க வேண்டும்.) கூப்பிட்டால் திரும்பாததற்குக் காரணம் காது. காமாலையில் கொஞ்சம் போயிருந்த காது, வயதில் இன்னும் கொஞ்சம் போயிருக்கிறது. செவிக்கருவி வைத்த முதல் நாள், "அக்கா, நீ இவ்வளவு சத்தமா பேசறியா?" என்றான்.

ஆக, 'மூளை சுருங்கிவிட்டது, இனி இப்படித்தான்' என்று நாங்கள் எழுதி மூடிவிட்ட கணக்கில் கழுத்து ஒன்று, மாத்திரை ஒன்று, காது ஒன்று. மூளை இளைத்திருப்பது உண்மைதான், படத்தில் கொஞ்சம் தெரிந்தது. 'என் வயதில் உள்ளவர்களுக்கு எவ்வளவோ, அதைவிடச் சற்று முன்னதாக' என்று மருத்துவர் சொன்னார். அவ்வளவுதான்.

அன்று இரவு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து, எப்போது ஆரம்பித்தது என்ற தேதியை மருத்துவருக்குச் சொல்வதற்காகக் கைப்பேசியில் பழைய செய்திகளைத் தேடினேன். 2021 மார்ச்சில் அவன் எனக்கு அனுப்பியிருக்கிறான். ஒரே வீட்டில், அடுத்த அறையிலிருந்து. வாயால் சொன்னால் நான் இடையில் பேசிவிடுவேன் என்று தட்டி அனுப்பியிருக்கிறான்: "அக்கா கை என் கை மாதிரி இல்ல. பழைய ஆட்டம் இல்ல இது. வேற." அதற்கு நான் போட்ட பதில்: "பயிற்சி செய் தம்பி. சரியாகிவிடும்." கூடவே ஒரு கட்டைவிரல்.

ஐம்பது வருடமாக அவன் பேச்சை ஊருக்கு மொழிபெயர்த்துச் சொல்பவள் நான். அதில் எனக்குப் பெருமையும் உண்டு, மறைக்கவில்லை. அவன் 'வலிக்குது' என்றால் நான் 'அசதியா இருக்காம்' என்று சொல்லிவிடுவேன், கேட்பவர்கள் பதறக்கூடாதே என்று. எத்தனை தடவை அப்படி மாற்றிச் சொன்னேனோ. அந்த மருத்துவர் கையைக் காட்டி என்னை நிறுத்திய பத்து நிமிடத்தில்தான் அவன் முழுதாக ஒரு விஷயத்தைச் சொல்லி முடித்தான்.

அறுவை சிகிச்சை செய்யலாமா என்பதில் பெரிய வாக்குவாதம். சும்மா இருக்கிற கழுத்தில் செய்வதைவிட ஆடுகிற கழுத்தில் செய்வது கஷ்டம். திருகாணி, கம்பி வைத்துக் கழுத்தை நிலைநிறுத்த வேண்டும். ஆட்டத்தில் அவை தளர்ந்துவிடாமல் இருக்க முன்கூட்டியே கழுத்துத் தசையில் போட்டுலினம் ஊசி போட்டு அடக்க வேண்டும். போன பலம் திரும்பும் என்று உறுதி சொல்லமாட்டோம், மேற்கொண்டு போகாமல் தடுப்பதுதான் நோக்கம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். என் பெரிய மகன், "இந்த வயசுல மாமாவுக்கு எதுக்கும்மா" என்றான். அன்பில்தான் சொன்னான். சித்தப்பா வீட்டில் ஜாதகம் பார்க்கச் சொன்னார்கள். நானும் வேண்டாம் என்ற பக்கம்தான் இருந்தேன், பயம்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது 'டொக்' என்று ஒரு சத்தம். முஷ்டியால் கட்டில் சட்டத்தில் தட்டியிருக்கிறான். திண்ணைத் தட்டு. எல்லோரும் வாயை மூடினோம். "என் கழுத்து" என்றான். பிறகு, "பண்ணிக்கறேன்."

2023 பிப்ரவரியில் நடந்தது. மூன்று மாதம் கழுத்துப் பட்டை. தூக்கமில்லாமல், அரிப்பெடுத்து, என்னைத் திட்டித் தீர்த்த மூன்று மாதம். அதை விவரிக்கமாட்டேன், அவனும் விரும்பமாட்டான்.

இப்போது எப்படி இருக்கிறான் என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். சிறுநீர்ப் பிரச்சினை நன்றாகக் குறைந்துவிட்டது. இடது கையில் முக்கால்வாசி வந்திருக்கிறது. வலது கை வரவில்லை. சுவரைப் பிடித்து நடந்த நடை திரும்பவில்லை. வீட்டுக்குள் வாக்கர், வெளியே சக்கர நாற்காலி. சக்கர நாற்காலியில் உட்கார அவனுக்குத் தயக்கமே இல்லை, எனக்குத்தான் இருந்தது. நடக்கிற தம்பியை உருவாக்கினேன் என்று நான் வைத்திருந்த பெருமைக்கு அது இடித்தது. "நடக்கறதுக்கே பாதி சக்தி போயிடுச்சு அக்கா, இப்ப மீதி நேரம் எனக்கு இருக்கு" என்கிறான். டிவியை இறக்கிக் கண்மட்டத்துக்கும் கீழே வைத்துவிட்டோம். மந்தம் போய்விட்டது. பால் கணக்கு மறுபடி அவன் கையில். போன மாதம் நான் குறித்ததில் அரை லிட்டர் தப்பு கண்டுபிடித்தான்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ மூளை முடக்குவாதத்தோடு வளர்ந்து, இப்போது முப்பது நாற்பது ஐம்பது வயதில் யாராவது இருப்பார்கள். அவர்களுக்குக் கையில் பலம் குறைந்தால், நடை திடீரென்று கெட்டால், சிறுநீர் அடக்க முடியாமல் போனால், புதிதாக மறதியோ மந்தமோ வந்தால், 'பழைய நோய்தான்' என்று விடாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். எந்தெந்த மாத்திரை, எத்தனை வருடமாக என்று எழுதி எடுத்துப்போங்கள். காதையும் கண்ணையும் பரிசோதியுங்கள். முக்கியமாக, அவர்களையே பேச விடுங்கள், எவ்வளவு நேரமானாலும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிப்பிட்ட 21 வகைகளில் மூளை முடக்குவாதம் தனியாகவே இருக்கிறது, சான்றிதழ் இல்லாதவர்கள் வாங்கிவையுங்கள். நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, இதற்கு வயது ஒரு தடையில்லை. எங்களுக்கு இது தெரியவே 2022 ஆயிற்று.

எழுதி முடித்துவிட்டு, சொன்னபடி அவனுக்குப் படித்துக் காட்டினேன். செவிக்கருவியைச் சரிசெய்துகொண்டு முழுதாகக் கேட்டான். இரண்டு திருத்தம் சொன்னான். ஒன்று, டிவியை உயரத்தில் வைத்தது பேரப்பிள்ளைகள் வந்தபிறகு இல்லை, 1992 உலகக் கோப்பைக்கு டிவி வாங்கிய அன்றைக்கே, அப்போது பேரப்பிள்ளைகளே கிடையாது, உன் பெரிய மகன் கை படக்கூடாதென்று வைத்தாய் என்றான். யோசித்துப் பார்த்தால் அவன் சொல்வதுதான் சரி. மேலே எழுதியதை மாற்றாமல் விட்டிருக்கிறேன், யாருக்கு ஞாபகம் தப்புகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, மருத்துவமனையில் கழுத்துப் பட்டையோடு எடுத்த போட்டோவைப் போடக்கூடாது.

போடவில்லை.